உதகைத் தோட்டமும் மலை மழையும்

வருஷம் முழுவதும் உழைப்பவன் சில தினங்கள் மலைவாசம் செய்து வருவது தேக ஆரோக்கியத்திற்கும் மனோற்சாகத்திற்கும் நல்லது என்பதில் இரண்டு அபிப்பிராயம் இல்லை. முன்னொரு காலத்தில் கவர்னர்களும் கலெக்டர்களும் சுதேச மன்னர்களுமே அநுபவித்து வந்த உதகமண்டலத்துக் குளிர்ச்சியை இன்று ஈரோட்டு நெசவாளியும் மதுரைப் பள்ளி உபாத்தியாயரும் குடும்ப ஸமேதராய் வந்து அநுபவிக்கிறார்கள். சுதந்திரம் தந்த சௌகரியங்களில் இதுவும் ஒன்று. ஆயினும், மலைக்குப் போய் வந்தவரிடம் அங்கே என்ன கண்டீர் என்று கேட்டால், படகு கண்டோம், பூக் கண்டோம், சாக்லேட் வாங்கினோம் என்கிறார்களேயன்றி, அந்த மலை நமக்கு என்ன தருகிறது, நாம் அதற்கு என்ன செய்தோம் என்று யோசித்துச் சொல்வார் மிகச் சிலர். இவ்விஷயத்தைக் குறித்து நம் நேயர்களுக்குச் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறோம்.

மழையில் நடந்தோம்

சென்ற ஆடி மாதத்தில் சில தினங்கள் உதகையில் தங்கியிருந்தோம். தென்மேற்குப் பருவமழை வலுத்திருந்த சமயம். மூன்று நாளாய்ச் சூரியன் முகங்காட்டவில்லை. விடுதியிலிருந்த யாத்திரிகர்களில் பலர், செலவழித்து வந்ததெல்லாம் வீணாயிற்றே என்று மழையை நிந்தித்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார்கள். ஆடிப் பதினெட்டுக்கு ஆற்றில் புதுப்புனல் வருமா என்று சமவெளியில் ஏங்கிக் கிடக்கும் நம் ஜனங்கள், அந்தப் புனல் பிறக்கும் இடத்திலேயே வந்து நின்றுகொண்டு மழையை வைவது நமக்கு விநோதமாகப் பட்டது. நண்பர் ஒருவரும் நாமும் ஆளுக்கொரு குடையை எடுத்துக்கொண்டு, சர்க்கார் தாவரத் தோட்டத்தைப் பார்க்க நடந்தே புறப்பட்டோம்.

வழியெல்லாம் பழைய ஆட்சியின் சின்னங்கள். நகரத்தின் மத்தியிலுள்ள சந்திப்புக்கு லண்டன் நகரத்திலிருந்து கொண்டுவந்த சேரிங் கிராஸ் என்ற பெயர். அங்கேயுள்ள நீரூற்று, சென்னை கவர்னராயிருந்து 1881-ல் இவ்வூரிலேயே இறந்த ஆடம் துரையின் ஞாபகார்த்தம். அதைக் கடந்து தோட்டத்திற்கு ஏறும் சாலையில் இரு மருங்கும் கடைகளும் விடுதிகளும் நெருங்கி நின்றன. மழைநீர் ஊறுவதற்கு ஒரு சாண் மண்ணும் இல்லாமையால், மேலேயிருந்து வந்த வெள்ளம் சாலையையே வாய்க்காலாக்கிக்கொண்டு செந்நிறமாய்க் கீழ்நோக்கி ஓடிற்று. அந்தச் செந்நிறம் மலையின் மேல்மண். ஓர் அங்குல மண் உண்டாவதற்கு நூற்றாண்டுகள் வேண்டும். அது சாக்கடையில் போவதைக் கண்டு ஒருவரும் திகைக்கவில்லை. செருப்பு நனையாமல் தாண்டுவதிலேயே எல்லோருக்கும் கவனம்.

தோட்டம் தொட்டபெட்டாச் சிகரத்தின் தாழ்வரையில் 55 ஏக்கர் விஸ்தீரணத்தில் படிப்படியாக மேலேறிச் செல்கிறது. மே மாதத்து மலர்க் கண்காட்சியின்போது தோளோடு தோள் இடிபடும் இடத்தில் அன்று நம்மையும் சேர்த்துப் பத்துப் பேர் இருந்தால் அதிகம். புல்தரை பச்சைக் கம்பளம்போல் விரிந்து கிடந்தது. அதன்மேல் விழுந்த மழை, சரிவில் நிற்காமல் நூறு சிறு நரம்புகளாய் வழிந்து நடைபாதையில் கலந்தது. அப்பால், பெருமரங்கள் அடர்ந்த மேற்பகுதிக்குப் போனதும் வேறோர் உலகம். அங்கே மழையின் ஓசை தலைக்குமேல் கேட்டதேயன்றி, தரையில் அதன் வேகம் தெரியவில்லை. இலையிலிருந்து இலைக்கும், பாசியிலிருந்து மண்ணுக்கும் சொட்டுச் சொட்டாக நீர் இறங்கிற்று. காலடியில் மக்கிய சருகு மெத்தைபோல் அழுந்தியது. பாதையில் ஓடிய கொஞ்ச நீரும் தெளிவாயிருந்தது.

தோட்டத்தின் பூர்வோத்தரம்

இத்தனை அழகிய தோட்டம் முட்டைக்கோசுக்காகப் பிறந்தது என்றால் நேயர்கள் நகைக்கக் கூடும். ஆனால் விஷயம் ஏறக்குறைய அதுதான். கோயமுத்தூர் கலெக்டராயிருந்த ஜான் சல்லிவன் துரை 1820-களின் ஆரம்பத்தில் தோடர்களின் மேய்ச்சல் நிலத்தில் கல் பங்களா கட்டிக் குடியேறிய பிறகு, வெள்ளைக்காரர்கள் ஒருவர்பின் ஒருவராக மலையேறினார்கள். அவர்களுக்குத் தங்கள் நாட்டுக் காய்கறிகள் மலிவாய்க் கிடைக்க வேண்டியிருந்தது. அதற்காக 1845-ல் மாதம் 3 ரூபாய் சந்தா வசூலித்து ஒரு காய்கறித் தோட்டம் போட்டார்கள். அது நடைபெறவில்லை. பின்னர் அதைப் பொதுத் தோட்டமாக்கும் யோசனை எழுந்து, 1848-ல் லண்டனையடுத்த கியூ தோட்டத்திலிருந்து வில்லியம் கிரஹாம் மாக் ஐவர் என்ற தோட்டக்கலை நிபுணர் வரவழைக்கப்பட்டார். சதுப்பும் புதருமாயிருந்த சரிவைப் படிக்கட்டுகளாக வெட்டி, நீரை வடித்து, இன்று நாம் காணும் அமைப்பை உண்டாக்கியவர் அவரே. அவருடைய உழைப்பையும் திறமையையும் நாம் மறுக்க வேண்டியதில்லை. நல்லதை நல்லது என்று சொல்வது தேசாபிமானத்திற்குக் குறைவாகாது. ஆனால் சதுப்பை வெட்டிச் சமன் செய்த நம் கூலியாட்களின் பெயரில் ஒன்றேனும் சரித்திரத்தில் ஏறவில்லை என்பதையும் உடன் சொல்ல வேண்டும்.

அக்காலத்துத் தாவரத் தோட்டங்கள் பூப்பார்ப்பதற்காக ஏற்பட்டவை என்று எண்ணுவது பிசகு. கல்கத்தாவுக்கு அருகே சிவபுரத்தில் 1787-ல் ஏற்பட்ட தோட்டமும், இலங்கையில் 1821-ல் ஏற்பட்ட பேராதனைத் தோட்டமும், நமது உதகைத் தோட்டமும், கியூவைத் தலைமைக் கச்சேரியாகக் கொண்ட ஒரு பெரிய வியாபார யந்திரத்தின் சக்கரங்களாக வேலை செய்தன. ஒரு கண்டத்துச் செடியை மற்றொரு கண்டத்தில் கூலிக்குப் பயிராக்கி, மூன்றாவது இடத்தில் லாபத்தை எண்ணுவது அந்த யந்திரத்தின் தொழில். பிரேஸில் தேசத்து ரப்பர் விதை 1876-ல் கியூவுக்குப் போய், அங்கிருந்து நாற்றாக இலங்கை வந்து, பிறகு மலாய் நாடெங்கும் பரவிய கதை யாவரும் அறிந்ததே. அந்த ரப்பர்த் தோட்டங்களில் பால் வெட்டத் தமிழ்நாட்டிலிருந்து கப்பல் கப்பலாக ஆட்கள் போனார்கள். அவர்களுடைய பேரர்கள் இன்றும் அந்நாடுகளில் இருக்கிறார்கள்.

உதகை செய்த பங்கு சிங்கோனா. தென்னமெரிக்காவின் ஆண்டீஸ் மலைக்குரிய அந்த மரத்தின் பட்டையிலிருந்து மலேரியாச் சுரத்துக்கு மருந்தாகிய கொயினா கிடைக்கிறது. கிளெமென்ட்ஸ் மார்க்கம் என்பவர் 1860-ல் அங்கிருந்து நாற்றும் விதையும் கொணர, மாக் ஐவர் தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் அவற்றை வளர்த்தார். பட்டை உரித்த இடத்தில் பாசியைப் பொதிந்து கட்டினால் புதுப்பட்டை உண்டாகும் என்று கண்டவரும் அவரே. நடுவட்டத்தில் காடழித்துத் தோட்டம் போட்டவர்களில், மலாய்க் கரையோரத்துப் பிரிட்டிஷ் குடியேற்றங்களிலிருந்து கொண்டுவரப்பட்ட சீனக் கைதிகளும் உண்டு. இதனால் விளைந்த நன்மையை நாம் மறக்கவில்லை. தபாலாபீஸ்களில் ஒரு பைசாப் பொட்டலங்களாக விற்ற கொயினா எத்தனையோ ஏழைகளின் உயிரைக் காத்தது. ஆனால் வெப்ப தேசங்களில் வெள்ளைச் சிப்பாய் சுரத்தில் விழாமல் நின்று ஆள முடிந்ததும் அதே பொடியால்தான்.

நீலகிரித் தைலம்

நம் வீடுகளில் ஜலதோஷம் வந்தால் நீலகிரித் தைலம் தடவுகிறோம். பெயரைக் கேட்டால் இந்த மலையின் ஆதிச் சொத்து என்றே தோன்றும். உண்மையில் அந்தத் தைலத்தைத் தரும் கற்பூர மரம் ஆஸ்திரேலியாவிலிருந்து 1840-களில் இங்கே வந்தது. சீகை என்று மலைவாசிகள் சொல்லும் மரமும் அந்நாட்டு விருந்தாளியே. குளிருக்கு விறகு வேண்டும் என்று நட்டார்கள், பிறகு தோல் பதனிடப் பட்டை வேண்டும் என்று நட்டார்கள். வந்த மரங்கள் மலையையே தம்முடையதாக்கிக் கொண்டன. நம் மலையின் பெயரே அந்நிய மரத்தின் எண்ணெய்க்குச் சூட்டப்படுமளவுக்கு நாம் நம்முடைய மரங்களை மறந்தோம்.

இதற்கு நேர்மாறான செய்தி ஒன்றும் உண்டு. இந்த மலையின் பள்ளத்தாக்குகளில், நாலாபுறமும் புல்வெளி சூழ, குட்டையான மரங்கள் நெருங்கி வளர்ந்த காடுகளை உலகத்துச் சாஸ்திரிகள் எல்லோரும் இன்று ஷோலா என்றே எழுதுகிறார்கள். அது நம்முடைய சோலை என்னும் சொல். ஆயிரம் வருஷங்களுக்குமேல் நம் புலவர்கள் வாயில் வழங்கிய சொல்லைத் தாவர சாஸ்திரம் ஸ்வீகரித்துக் கொண்டது. சொல் உலகமெங்கும் போயிற்று. சோலைதான் குறைந்துகொண்டே வருகிறது.

தோட்டத்தின் மேற்பகுதியில் மழைக்கு ஒதுங்கி நின்றபோது, அங்கே வேலை செய்யும் வயதான தோட்டக்காரர் ஒருவரும் சாக்கைத் தலையில் போர்த்துக்கொண்டு வந்து ஒதுங்கினார். "பெரியவரே, இத்தனை மழை பெய்தும் மாசி பங்குனியில் உதகையில் தண்ணீர்ப் பஞ்சம் என்கிறார்களே, அது எப்படி?" என்று கேட்டோம். அவர் கீழேயிருந்த புல்தரையைக் காட்டி, "ஐயா, அங்கே பெய்கிற மழை உங்களுக்கு முன்னாலேயே பஜாருக்குப் போய்ச் சேர்ந்துவிடும். சோலையில் பெய்கிற மழை உட்கார்ந்து, இளைப்பாறி, மாசி மாதத்தில்தான் புறப்படும்" என்றார். ஜலசாஸ்திரப் புஸ்தகங்கள் பல பக்கங்களில் விவரிப்பதை அவர் இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிட்டார்.

அவர் சொன்னதன் காரணம் தெளிவு. சோலையின் இலையும் பாசியும் சருகும் மழையின் வேகத்தைத் தணிக்கின்றன. வேர்கள் மண்ணைத் தளர்த்தி நீரை உள்ளே விடுகின்றன. மலையுச்சிப் புல்வெளியும் பள்ளத்துச் சதுப்பும் பஞ்சுபோல் நீரைப் பிடித்து வைத்துக்கொண்டு, மழையற்ற மாதங்களில் ஓடைகளாக வெளியே விடுகின்றன. அலங்காரத் தோட்டத்தின் வெட்டிய புல்தரைக்கும், இடுப்பளவு வளரும் மலைப்புல்லுக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது.

மலையின் நீர், நாட்டின் உயிர்

இந்நீர் எங்கே போகிறது என்பதை நம் தேசபக்தர்கள் அறிந்திருக்க வேண்டும். முக்கூர்த்திப் பக்கத்தில் பிறக்கும் பைக்காரா, மோயாறாகிப் பவானியில் கலக்கிறது. குந்தா முதலிய ஆறுகளும் பவானியையே சேர்கின்றன. பவானி காவேரியில் சங்கமமாகிறது. பைக்காராவில் 1932-ல் உண்டான மின்சாரம் கோயமுத்தூர்ப் பஞ்சாலைகளைப் பெருக்கிற்று. 1955-ல் முடிவுபெற்ற பவானிசாகர் அணை லக்ஷக்கணக்கான ஏக்கருக்கு நீர் பாய்ச்சுகிறது. ஆகவே கோபிசெட்டிபாளையத்து நெல்லும், ஈரோட்டு மஞ்சளும், திருப்பூர்த் தொழிலாளி ஏற்றும் மின்விளக்கும் இந்தச் சோலைகளின் கடனாளிகள். மலையில் ஒரு சோலை அழிந்தால் சமவெளியில் ஒரு வாய்க்கால் வற்றுகிறது என்று தைரியமாய்ச் சொல்லலாம்.

இக்கேட்டுக்கெல்லாம் வெள்ளையன் மேல் பழி போட்டுவிட்டு நாம் நிம்மதியாய்த் தூங்க முடியுமா? முடியாது. அந்நியர் ஆரம்பித்தது மெய். ஆனால் 1947-க்குப் பிறகு நம் சொந்த சர்க்காரே அந்த வேலையை இன்னும் வேகமாய் நடத்திற்று. மேய்ச்சலுக்கும் நீருக்கும் ஆதாரமான மலைப்புல்வெளிகளைத் தரிசு என்று கணக்கெழுதி, தோல் பதனிடும் பட்டைக்கும் செயற்கைப் பட்டு ஆலைகளின் மரக்கூழுக்குமாகச் சீகையையும் கற்பூர மரத்தையும் ஆயிரக்கணக்கான ஏக்கரில் நட்டோம். தேயிலைக்கும் உருளைக்கிழங்குக்கும் சரிவுகளை மொட்டையடித்தோம். பின்பு அடுக்குமாடி விடுதிகள் எழுந்தன. அரசன் மாறினான், ஆசை மாறவில்லை.

பலனையும் கண்டோம். 2009 நவம்பரில் பெய்த பெருமழையில் நீலகிரியின் பல இடங்களில் மலை சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மாண்டவர்களில் பெரும்பாலோர் சரிவுகளில் சிறு வீடு கட்டி வாழ்ந்த ஏழைகள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டிற்று. இத்தகைய பேய்மழைகள் இனி அடிக்கடி வரும் என்று வானிலை நிபுணர்கள் எச்சரிக்கிறார்கள். மழையைத் தாங்கும் மண்ணையும் மரத்தையும் அழித்துவிட்டு மழையைக் குற்றம் சொல்வது எந்த நியாயத்தில் சேர்ந்தது?

மேலே இருக்கும் மந்து

தோட்டத்தின் உச்சியிலே தோடர்களின் மந்து ஒன்று இருக்கிறது. தோட்டத்திற்கு வருபவர்களில் சிலர் அதையும் ஒரு வேடிக்கைப் பொருளாக எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். உண்மையில் அந்த மந்துதான் இந்த இடத்தின் பழைய வீடு. தோட்டம் பிற்பாடு வந்த வாசலறை. தோடர்கள் தங்கள் கோயில்களுக்குக் கூரை வேயும் புல் சதுப்பு நிலங்களில் விளைவது. அவர்களுடைய எருமைகள் மேய்வது மலைப்புல்வெளியில். புல்வெளி போனால் எருமை போகும். எருமை போனால் பாலைச் சுற்றி அமைந்த அவர்களுடைய வழிபாடு போகும். ஒரு ஜாதியாரின் நாகரிகமே புல்லின் வேரில் தொங்கிக்கொண்டிருக்கிறது. தோடர், கோத்தர், குறும்பர், இருளர், படகர் ஆகிய மலைவாசிகளைக் கலந்துகொள்ளாமல் சென்னையிலிருந்து போடப்படும் எந்தத் திட்டமும் இந்த மலையில் வேரூன்றாது என்பது நமது திடமான அபிப்பிராயம்.

செய்ய வேண்டியது

நிராசைக்கு இடமில்லை. 2022-ல் தமிழ்நாடு சர்க்கார் அந்நியக் களைத் தாவரங்களை அகற்றிக் காடுகளைச் சீர்திருத்துவதற்கென்று ஒரு கொள்கையை வெளியிட்டது. மலை தாங்கும் அளவை அறிவதற்காகச் சென்னை உயர்நீதிமன்றத்தின் உத்தரவுப்படி 2024 மே 7 முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் என்ற அனுமதிச் சீட்டு முறை வந்தது. இவை நல்ல ஆரம்பங்கள். ஆனால் கொள்கை காகிதத்தில் இருந்தால் போதாது. சீகையை வெட்டினால் மறுவருஷமே அதன் விதை ஆயிரமாய் முளைக்கும். வெட்டிய இடத்தைப் பல வருஷம் காவல் காத்து, மலைப்புல்லையும் சோலை மரங்களையும் பொறுமையாய் வளர்க்க வேண்டும். அதற்குப் பணம் வேண்டும், அதைவிட அதிகமாய்ப் பிடிவாதம் வேண்டும்.

தாவரத் தோட்டத்துக்கே இதில் ஒரு பெரிய கடமை உண்டு. அந்நியச் செடிகளை இம்மண்ணில் பழக்குவதற்காக ஏற்பட்ட ஸ்தாபனம், இனி இம்மண்ணின் செடிகளைக் காப்பாற்றும் நாற்றங்காலாக வேண்டும். காட்டுப் பூவரசும் தவிட்டுக் கொய்யாவும் குறிஞ்சியும் வெளிநாட்டுப் பூச்செடிகளுக்குச் சமமான மரியாதையுடன் அங்கே நிற்க வேண்டும். ஒவ்வொரு மரத்திலும் லத்தீன் பெயரோடு அதன் தமிழ்ப் பெயரும், எந்த நாட்டிலிருந்து எப்போது வந்தது என்பதும், மலைவாசிகள் அதை எதற்கு உபயோகிக்கிறார்கள் என்பதும் பளிச்சென்று எழுதியிருக்க வேண்டும். அப்போது தோட்டத்தில் நடப்பதே சரித்திர பாடமாகும்.

தாவர சாஸ்திரம் நமக்கு அந்நியம் என்று கருதுவோருக்கு ஒரு பெயரை ஞாபகப்படுத்துகிறோம். தலைச்சேரியில் 1897-ல் பிறந்து, சென்னையில் பயின்று, கோயமுத்தூரில் கரும்பு ஆராய்ச்சி செய்து, உலகப் புகழ்பெற்ற ஜானகி அம்மாள், நீலகிரிக்கு அடுத்த சைலண்ட் வேலிக் காட்டை மூழ்கடிக்கவிருந்த அணைத் திட்டத்தைத் தமது முதுமையில் எதிர்த்து நின்றார். அத்திட்டம் கைவிடப்பட்டது. சாஸ்திர ஞானமும் தேசாபிமானமும் ஒருங்கே சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு அவர் சான்று.

பொதுவாழ்வில் ஈடுபட்ட நம் நேயர்கள் நகரசபைகளிலும் பஞ்சாயத்துகளிலும் கட்சிச் சபைகளிலும் பேசும் உரிமை பெற்றவர்கள். ஓடைமேல் சிமெண்டு போடுவதற்கும், சரிவில் மாடி கட்டுவதற்கும், சதுப்பைத் தூர்ப்பதற்கும் அனுமதி கேட்டு விண்ணப்பம் வரும்போது, அதை எதிர்த்து எழுந்து நிற்க ஒருவராவது வேண்டும். விடுமுறைக்கு மலையேறும் சாமானியரும், ஒரு நாளையாவது படகுத்துறையை விட்டுவிட்டு, ஒரு சோலையின் ஓரத்தில் நின்று மழையைப் பார்த்துத் திரும்பட்டும். தேசம் என்பது வரைபடத்தில் கண்ட கோடு மட்டுமன்று. மண்ணும் நீரும் மரமும் அவற்றை நம்பி வாழும் ஜனங்களும் சேர்ந்ததே தேசம். ஆளும் உரிமையை 1947-ல் பெற்றுக்கொண்டோம். மலையைக் காக்கும் பொறுப்பை இன்னும் முழுதாக ஏற்றுக்கொள்ளவில்லை. அதையும் ஏற்கும் நாளே சுயராஜ்யம் பூர்த்தியாகும் நாள்.